கையேடும் அதன் வாசகரும்: கணனிக் கருவிகளுக்கான விளக்கவெழுத்தின் வரலாறு பற்றி ஒரு நோக்கு

ஓர் எழுத்து வகையின் வரலாற்றை ஆராய முற்படுவோர் அதனை எழுதியோர் யாவர் என்னும் வினாவுடன் நின்றுவிடுதல் வழக்கம். அதனை வாசித்தோர் யாவர், அவர்கள் எவற்றை ஏலவே அறிந்திருந்தனர், எழுதாது விடப்பட்டவற்றை எங்கிருந்து நிரப்பிக்கொண்டனர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. மருத்துவர் எழுதும் மருந்துக் குறிப்பும் காணி உறுதியும் நடையால் வேறுபடுவதற்கு அவற்றின் பொருள் வேறுபாடு மட்டும் காரணமன்று. வாசகர் வேறுபாடும் காரணமாகும். மருந்துச்சாலையில் இருப்பவர் அறிந்தவற்றை மருத்துவர் எழுத வேண்டியதில்லை. உறுதியை வாசிப்பவரோ ஐம்பது ஆண்டுகளின் பின்னர் பிறக்கப்போகும் ஒருவராகவும் இருக்கலாம். ஆதலின் காணியின் நான்கு எல்லைகளும் அங்கே எழுதப்பட வேண்டியனவாகின்றன.

கணனிக் கருவிகளை எவ்வாறு பயன்படுத்துவதென விளக்கும் எழுத்தும் இத்தகையதோர் எழுத்து வகையே. அதற்கு இன்று ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு வயதாகின்றது. அண்மைக் காலத்தில் அதற்குப் புதியதொரு வாசகர் தோன்றியுள்ளார். செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் செய்நிரலே அவ்வாசகர். குறிக்கோள் ஒன்று கொடுக்கப்படுமிடத்து அதனை அடைவதற்கான படிகளைத் தானே வகுத்து, கோப்பைத் திறத்தல், தரவுத்தளத்திலே தேடுதல், கடிதம் அனுப்புதல் முதலியவற்றுக்கெனத் தரப்பட்ட கருவிகளைத் தானே தெரிவுசெய்து இயக்குவது முகவரின் இயல்பு. எக்கருவியை எப்போது இயக்குவது என்பதை அது பெரும்பாலும் அக்கருவியைப் பற்றி எழுதப்பட்ட சில வாக்கியங்களைக் கொண்டே தீர்மானிக்கின்றது.

இப்புதிய வாசகருக்கென முற்றிலும் புதியதோர் எழுத்துக் கலை வேண்டும் எனச் சிலர் கருதுவர். வரலாற்றை நோக்குமிடத்து இக்கருத்து முழுவதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. முகவர் வேண்டி நிற்பவற்றுட் பெரும்பாலானவை மனித வாசகரும் நெடுங்காலமாக வேண்டி நின்றவையே என்பதையும், நாம் அவற்றை எழுதாது விட்டமைக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு என்பதையும் இக்கட்டுரை காட்ட முற்படுகின்றது.

கேம்பிரிட்ஜின் இரும்பு அலுமாரி

1949 மே 6 ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணனி முதன்முதலாக இயங்கிற்று. அதனைப் பயன்படுத்தியோர், அடிக்கடி வேண்டப்படும் கணிப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதாது, ஒருமுறை எழுதித் துளையிட்ட கடதாசி நாடாக்களாகச் சேமித்துவைத்தனர். இவையே துணைநிரல்கள். அந்நாடாக்கள் இரும்பு அலுமாரி ஒன்றிலே வகைப்படுத்தி வைக்கப்பட்டிருந்தன. 1951 ஆம் ஆண்டளவில் அந்நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. அதே ஆண்டில் மொறிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்ரான்லி கில் ஆகிய மூவரும் எழுதிய செய்நிரலாக்க நூல் வெளியாயிற்று. அந்நூலின் ஒரு பகுதி துணைநிரல்கள் ஒவ்வொன்றினதும் விபரங்களைத் தருவதாக அமைந்தது. நினைவகம் மிகவும் அரிதாயிருந்த காலமாதலின், ஒரு துணைநிரல் எத்தனை இடங்களைப் பிடிக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்பனவும் எழுதப்பட்டன.

அடுத்த ஆண்டில், அதாவது 1952 இல், துணைநிரல்களின் பயன்பாடு பற்றி வீலர் குறுகிய கட்டுரை ஒன்றை அளித்தார். துணைநிரலை எழுதிச் சோதித்து முடித்த பின்னரும் பெரிய வேலையொன்று எஞ்சியிருக்கும் என அவர் அதில் எடுத்துரைத்தார். அதன் உள்ளமைப்பை அறியாத ஒருவரும் எளிதாகப் பயன்படுத்தும் வண்ணம் விளக்கம் எழுதுவதே அவ்வேலை. எல்லாவற்றிலும் கடினமானது அதுவாகவே இருக்கலாம் என்பதும் அவரது கருத்தாகும். கணனியியல் பிறந்து மூன்றாண்டுகள் கழியுமுன்னரே இவ்வுண்மை உணரப்பட்டிருந்தமை கவனத்துக்குரியது. ஆயின் வீலரின் வாசகர் யார்? அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர். ஐயம் தோன்றின் எழுதியவரையே தேடிச் சென்று கேட்கக்கூடியவர். விளக்கத்தில் விடுபட்டதை உரையாடல் நிரப்பியது.

யுனிக்ஸ் கையேடு

இதே நிலைமையை இரு தசாப்தங்களின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலும் காண்கிறோம். கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகிய இருவரும் ஆக்கிய யுனிக்ஸ் இயக்க முறைமையின் கையேட்டு முதற் பதிப்பு 1971 நவம்பர் 3 ஆம் நாளிடப்பட்டது. இவ்வெழுத்து வகைக்கு நிலைத்த வடிவமொன்றை வழங்கியது இக்கையேடு எனின் மிகையாகாது. கட்டளை ஒவ்வொன்றுக்கும் பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள், ஒப்புநோக்க வேண்டியவை, பிழைச் செய்திகள் என்னும் தலைப்புகள் ஒரே ஒழுங்கில் வகுக்கப்பட்டன. இன்றும் யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளின் கையேட்டுப் பக்கங்களில் இவ்வமைப்பின் சாயலைக் காணலாம்.

இத்தலைப்புகளுள் இரண்டு தனித்து நோக்கத்தக்கவை. ஒன்று, வழுக்கள் என்பது. கருவியை ஆக்கியவர்களே அதன் குறைபாடுகளை அதன் கையேட்டிலே ஒப்புக்கொண்டு எழுதினர். தம் பண்டத்தைப் புகழ்ந்துரைக்கும் வணிகக் கைந்நூல்களிலே இத்தகைய பகுதியை எதிர்பார்க்க முடியாது. மற்றையது, உரியவர் என்பது. அக்கட்டளைக்குப் பொறுப்பானவர் யார் என்பதை முதற் பதிப்பு இத்தலைப்பின் கீழ்க் குறித்தது. இங்கும் வாசகர் பக்கத்து அறையிலிருக்கும் சக ஊழியரே. கையேடு சொல்லாததை உரியவர் சொல்வார். எனவே கையேடு சுருக்கமாக அமைய முடிந்தது.

யுனிக்ஸின் மற்றொரு மரபையும் இங்கு கூறுதல் வேண்டும். பணி வெற்றியாக முடியுமிடத்துக் கட்டளை எதனையும் கூறாது விடும். தவறு நேரின் மட்டுமே பேசும். மௌனம் வெற்றியைக் குறிக்கும் என்பது அங்கு பயின்றோர் யாவரும் அறிந்திருந்த வழக்கம்.

உரையாடலின் மீதான நம்பிக்கை பின்வந்த காலத்தில் ஒரு கொள்கையாகவே வளர்ந்தது. 1984 இல் டொனால்ட் கனூத், செய்நிரலை மனிதர் வாசிப்பதற்குரிய இலக்கிய ஆக்கமாகவே எழுத வேண்டுமென வாதிட்டார். அவரது கருத்து மதிக்கப்பட்டதாயினும் பெருவழக்காகவில்லை. 2001 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே கூடிய 17 மென்பொருளாளர் வெளியிட்ட அறிக்கையோ, விரிவான ஆவணங்களிலும் பார்க்க இயங்கும் மென்பொருளுக்கே முதன்மை அளித்தது. ஆவணத்துக்குப் பயனில்லை என அவர்கள் கூறவில்லை. எனினும் எழுதுவதைக் காட்டிலும் நேரிற் பேசிக்கொள்வது மேலானது என்னும் மனப்பாங்கு தொழிற்றுறையிலே பரவுவதற்கு அவ்வறிக்கை துணைபுரிந்தது. இதன் விளைவாகக் கருவிகளைப் பற்றிய அறிவின் கணிசமான பகுதி, எழுதப்படாது, வாய்மொழி மரபாகவே பணிமனைகளில் வழங்கலாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர் அதனை மூத்தவரிடம் கேட்டுக் கேட்டே பெற வேண்டியிருந்தது.

இயந்திரத்துக்கென எழுதப்பட்ட விபரணம்

இதுவரை கூறியது மனிதருக்கென எழுதப்பட்டவற்றின் கதை. இதற்குச் சமாந்தரமாக வேறோர் ஓடையும் ஓடிவந்தது. கருவியின் விபரணத்தை இயந்திரமே வாசித்துச் செயற்பட வேண்டும் என்பது அதன் நோக்கம்.

1971 ஆம் ஆண்டில், அதாவது யுனிக்ஸ் கையேடு வெளியான அதே ஆண்டில், கலிபோர்ணியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த றிச்சர்ட் பைக்ஸ், நில்ஸ் நில்சன் ஆகியோர் ஸ்ரிப்ஸ் என்னும் திட்டமிடல் முறையை வெளியிட்டனர். அறைகளுக்கிடையே நகர்ந்து பெட்டிகளைத் தள்ளும் ஷேக்கி என்னும் றொபோவின் ஆய்வுத் திட்டத்தில் அது உருவானது. அம்முறையில் ஒவ்வொரு செயலும் மூன்று பட்டியல்களால் விபரிக்கப்பட்டது. செயலைத் தொடங்குவதற்கு உண்மையாயிருக்க வேண்டியவை, செயலின் பின் உண்மையல்லாது போகின்றவை, செயலின் பின் புதிதாக உண்மையாகின்றவை என்பனவே அவை. செய்பவரே விபரணத்தை வாசிக்க வேண்டுமெனின் அதில் எவை இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனை ஒரு முன்னோடி விடையாகக் கொள்ளலாம்.

ஆயின் இவ்விடை பெட்டிகளும் கதவுகளும் மட்டுமுள்ள சிற்றுலகுக்கே போதுமானதாயிருந்தது. ஒரு செயலால் மாறாதவை அனைத்தையும் எவ்வாறு எழுதி முடிப்பது என்னும் சிக்கலை ஜோன் மெக்கார்த்தியும் பற்றிக் ஹேய்ஸும் 1969 இலேயே எடுத்துக்காட்டியிருந்தனர். 2001 இல் ரிம் பேர்ணர்ஸ்-லீயும் அவர்தம் சகாக்களும், மனிதருக்காக மருத்துவ நியமன நேரங்களைக் கூட ஒழுங்குசெய்து தரும் மென்பொருள் முகவர்களைக் கற்பனை செய்து எழுதினர். 2004 இல் இணையச் சேவைகளை அளவையியற் குறியீட்டில் விபரிக்கும் ஓ.டபிள்யு.எல்-எஸ் என்னும் மொழி முன்வைக்கப்பட்டது. அது பெருவழக்கை எய்தவில்லை. இதற்கான காரணங்கள் தொழில்நுட்பத்தைச் சார்ந்தவை மட்டுமல்ல. எல்லோரும் ஒரே கலைச்சொற்களை ஒரே பொருளில் ஆள வேண்டுமென அது எதிர்பார்த்தது; கடின உழைப்புடன் எழுதப்பட்ட விபரணத்தை வாசிப்பதற்கு முகவர்களோ அரிதாகவே இருந்தன. வாசகரில்லாத எழுத்தை எழுதுவதற்கு யாரும் முன்வருவதில்லை.

இவ்விரு ஓடைகளுக்கும் இடைப்பட்டதொரு வடிவம் 2011 இல் தோன்றியது. ஸ்வாகர் எனப்பட்டு, 2016 முதல் ஓப்பன் ஏபிஐ விபரக்கூற்று என வழங்கும் அம்முறையில், உள்ளீடுகளின் பெயரும் வகையும் இயந்திரம் சரிபார்க்கத்தக்க கண்டிப்பான வடிவில் எழுதப்பட்டன. அவற்றின் அருகே, விளக்கம் என்னும் சிறு இடத்தில், இயல்பான உரைநடையில் மனிதருக்காக ஓரிரு வாக்கியங்கள் எழுதவும் வழி வைக்கப்பட்டது. அவ்விடம் பல வேளைகளில் வெறுமையாகவே விடப்பட்டது. அச்சிறு இடமே பிற்காலத்தில் முதன்மை பெறப்போகின்றது என அன்று எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

இரு ஓடைகளின் சங்கமம்

பெரும் மொழி மாதிரிகள் தோன்றியமை இந்நிலைமையை மாற்றிற்று. 2022 இல் வெளியான றியாக்ட் என்னும் ஆய்வு, மொழி மாதிரியொன்று சிந்தனையையும் கருவிச் செயலையும் மாறி மாறி நிகழ்த்தி வினாக்களுக்கு விடை காணலாம் எனக் காட்டியது. 2023 யூனில் ஓப்பன் ஏஐ நிறுவனம், கருவியின் பெயர், உரைநடை விளக்கம், உள்ளீடுகளின் வடிவம் ஆகிய மூன்றையும் மாதிரிக்கு அளித்து, வேண்டிய கருவியை அதுவே தெரிவுசெய்யும் வசதியை வெளியிட்டது. 2024 நவம்பரில் அந்திரொப்பிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் நெறிமுறையிலும் கருவியானது பெயர், விளக்கம், உள்ளீட்டு வடிவம் என்பவற்றாலேயே அறிமுகப்படுத்தப்படுகின்றது.

இங்கு நிகழ்ந்த மாற்றம் நுணுக்கமானது. அளவையியற் குறியீட்டால் இயந்திரத்துக்கு உணர்த்த முயன்றதை இப்போது சாதாரண உரைநடையே உணர்த்துகின்றது. எனவே, யாரேனும் வாசிப்பாராயின் வாசிக்கட்டும் என எழுதப்பட்ட விளக்க வாக்கியம் இயந்திரத்தின் உறுப்புகளுள் ஒன்றாகிவிட்டது. வாக்கியம் மயங்கின் செயலும் மயங்கும்.

இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். நூலகமொன்றின் முகவருக்கு ‘பதிவு நீக்கம்’ என்னும் கருவி தரப்பட்டுள்ளது எனவும், அதன் விளக்கம் ‘பதிவை நீக்கும்’ என்பது மட்டுமே எனவும் கொள்வோம். புதிதாக வந்த நூலக ஊழியர், எந்தப் பதிவு என அருகிலிருப்பவரைக் கேட்பார். முகவரோ பல வேளைகளில் கேளாது ஊகித்துச் செயற்படும். நூலைத் திருப்பித் தந்த மாணவரின் உறுப்புரிமையையே அது நீக்கிவிடலாம். அதே விளக்கத்தைப் பின்வருமாறு எழுதலாம்: ‘நூல் திரும்பிய பின் அதன் இரவற் பதிவை மட்டும் நீக்கும். உறுப்புரிமையை நீக்காது. நீக்கியதை மீட்க முடியாது. இரவல் இலக்கத்தையே தருக; உறுப்பினர் இலக்கத்தைத் தரற்க. தண்டப்பணம் நிலுவையிலிருப்பின் நீக்காது, நிலுவைத் தொகையை அறிவிக்கும். உறுப்புரிமையை முடிவுறுத்துவதற்கு வேறு கருவி உண்டு.’

இவ்வாக்கியங்களுள் முற்றிலும் புதியது எது? உள்ளமைப்பை அறியாதாருக்கும் விளங்க எழுதுதல் வீலரின் வேண்டுகோள். செயலுக்கு முன் இருக்க வேண்டியதையும் செயலின் பின் விளைவதையும் கூறுதல் ஸ்ரிப்ஸின் வழி. பிழை நேரின் என்ன நிகழும் என்பதையும் ஒப்புநோக்க வேண்டிய பிற கருவியையும் குறித்தல் யுனிக்ஸ் கையேட்டின் மரபு. பழையவை ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்துள்ளன என்பதே உண்மை.

மௌனத்தின் பொருள்

எனினும் மனிதருக்கு எழுதியதை அவ்வாறே முகவருக்கும் அளித்துவிடலாம் என எண்ணுதல் தவறாகும். 2024 இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் உருவாக்கிய எஸ்.டபிள்யு.ஈ. ஏஜன்ட் என்னும் முறைமை இதற்கு நல்ல சான்று. கருவிகளும் அவற்றின் மறுமொழிகளும் முகவருக்கேற்ப அமைக்கப்படுமிடத்து, மாதிரியை மாற்றாமலே அதன் செயற்றிறன் உயரும் என அவர்கள் காட்டினர். கோப்பு முழுவதையும் ஒரேயடியாகக் காட்டாது 100 வரிகளாகக் காட்டினர். கட்டளை எதனையும் வெளியிடாது முடியுமிடத்து, பணி வெற்றியாக முடிந்தது, வெளியீடு எதுவுமில்லை என வெளிப்படையாகவே அறிவித்தனர். யுனிக்ஸ் வல்லுநருக்கு வெற்றியைக் குறித்த மௌனம் புதிய வாசகருக்கு ஐயத்தை விளைவித்தது. மரபை அறிந்தவருக்கே மௌனம் பொருள் தரும்.

அளவு பற்றிய கேள்வியும் உண்டு. முகவர் ஒரே வேளையில் நோக்கக்கூடிய எழுத்தின் அளவு வரையறைக்குட்பட்டது. வேண்டாத விரிவு வேண்டியதை மறைத்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் எழுதுதல் தெளிவாகாது. தவறாக ஊகிக்கக்கூடியதை எழுதுதலே தெளிவாகும்.

மாதிரிகளின் அறிவு வளர வளர இத்தகைய விளக்கங்கள் தேவையற்றனவாகும் என வாதிடுவாரும் உளர். இவ்வாதம் அறிவையும் செய்தியையும் ஒன்றெனக் கொள்கின்றது. எத்துணைத் திறமை வாய்ந்த சத்திரசிகிச்சை நிபுணராயினும், நோயாளிக்கு ஒவ்வாத மருந்து எது என்பதைக் குறிப்பேட்டிலிருந்தே அறிய வேண்டும். அதுபோல, ஓர் அலுவலகத்தின் வழக்கம் அவ்வலுவலகத்தார் நெஞ்சில் மட்டும் இருக்குமாயின், எந்த நுண்ணறிவும் அதனை உய்த்துணர்ந்துவிட முடியாது.

நம்பிக்கையும் பொறுப்பும்

வாக்கியமே செயலாகும் நிலை புதியதோர் ஆபத்தையும் கொணர்ந்துள்ளது. முகவர் வாசிக்கும் ஆவணத்தினுள்ளே மறைவாகக் கட்டளைகளைப் புகுத்தி, அதனைத் தவறான வழியிற் செலுத்தலாம் என 2023 இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். கருவியின் விளக்கத்திலேயே இத்தகைய நஞ்சைக் கலக்க முடியும் என்பது 2025 இல் காட்டப்பட்டது. எம்.சி.பி. நெறிமுறையின் 2025 மார்ச் பதிப்பு, ஒரு கருவி வாசிப்பது மட்டுமா அன்றி அழிக்கவும் வல்லதா என்பதைக் கருவியை அளிப்பவரே குறித்துக்காட்ட வழிசெய்தது. ஆயின் அளிப்பவர் நம்பத்தக்கவராக இருந்தாலன்றி அக்குறிப்பை நம்பலாகாது எனவும் அந்நெறிமுறை கூறுகின்றது. தெளிவு மட்டும் போதாது என்பது இதனாற் பெறப்படும். தெளிவாக எழுதப்பட்ட பொய்யும் உண்டு. யுனிக்ஸ் முதற் பதிப்பு குறித்த உரியவர் என்னும் தலைப்பின் தேவை இங்கு மீண்டும் எழுகின்றது. விளக்கத்துக்குப் பொறுப்பேற்கும் மனிதர் ஒருவர் இருத்தல் அவசியம். அன்றேல் தவறு நேர்ந்தபோது, எழுதியவர் இயந்திரத்தையும் இயந்திரத்தை ஏவியவர் எழுத்தையும் சுட்டிக்காட்டி ஒதுங்கிக்கொள்வர்.

2025 இல் மென்பொருட் திட்டங்கள் பலவற்றில் புதியதொரு பழக்கம் பரவியது. திட்டத்தை எவ்வாறு கட்டுவது, எவ்வாறு சோதிப்பது, எக்கோப்பைத் தொடலாகாது என்பவற்றை முகவருக்கென ஒரு தனிக் கோப்பிலே எழுதிவைக்கலாயினர். அக்கோப்புகளில் காணப்படுபவை, பணிமனைகளில் புதிதாகச் சேர்ந்தோர் மூத்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டறிந்த அதே செய்திகளே. மனிதர் கேட்டபோது எழுதப்படாதவை இயந்திரத்தின் பொருட்டு எழுதப்படுகின்றன. இது நம்மைச் சிந்திக்கவைக்க வேண்டிய நிலைமையாகும். புதியவர் கேட்டறியக்கூடியவர் என்பதாலேயே அவரது தேவை எழுத்திற்கு வரவில்லை. கேட்பதற்கு வாய்ப்பில்லாதோர், கேட்கத் துணியாதோர், தொலைவிலிருந்து பயின்றோர் ஆகியோர் இதனால் அடைந்த இழப்பை எவரும் கணக்கிடவில்லை.

எனவே முகவருக்காகத் தெளிவாக எழுதும் முயற்சியை வெறும் தொழில்நுட்ப நுணுக்கமாகக் கொள்ளாது, நெடுநாள் நிலுவையிலிருந்த கடனொன்றைத் தீர்க்கும் வாய்ப்பாகக் கொள்ளுதல் தகும். கருவி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது, எதனை மீட்க முடியாது, எங்கே பிழைக்கும், யார் பொறுப்பு என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதப்பட்ட பக்கத்தை முகவர் பயன்கொள்ளும். முதலாண்டு மாணவரும் பயன்கொள்வர். அப்பக்கங்களை மனிதரும் வாசிக்கத்தக்கனவாகப் பேணுவதா, இயந்திரங்கள் மட்டும் வாசிக்கும் இருட்டறைகளில் அடுக்கி வைப்பதா என்பது இன்னும் தீர்க்கப்படாத வினா. அதனைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் எழுதுவோரே.